பட்டாளத்து அதிகாரியின் பணியும் ஓய்வும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூர்க்காரன் நான். தரைப்படையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து, கர்னலாக, 54 வயதில் ஓய்வு பெற்று வந்தேன். என் அப்பாவும் பட்டாளத்துக்காரர்தான். ஹவில்தாராகப் பென்ஷன் ஆனவர். எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வாரம் இரண்டு பேராவது வருகிறார்கள். பிளஸ் டூ முடித்த மகனோடு தகப்பனார் வருவார், பென்ஷன் காகிதங்களைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு ஒரு விதவை அக்கா வருவார், அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகும் அதிகாரி லீவில் வருவார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் எழுதி வைத்துவிட்டேன். தொகைகள் ஏழாவது ஊதியக் குழுவின்படி. அடுத்த குழுவின் பரிந்துரை நடைமுறைக்கு வந்தால் அவை மாறும்.

மகன் பிளஸ் டூ படிக்கிறான். அவன் ஆபீசராகப் போக என்ன வழி?

நம் ஊரில் பட்டாளம் என்றதும் ஆள் சேர்ப்பு முகாமில் ஓடுவதுதான் நினைவுக்கு வருகிறது. அது சிப்பாய் வேலைக்கான வழி. அதிகாரி வேலைக்கு வழி யு.பி.எஸ்.சி. தேர்வு. பள்ளிப் படிப்போடு போவதென்றால் என்.டி.ஏ. என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமி; ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கும், வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் புணே அருகே கடக்வாஸ்லாவில் 3 ஆண்டு, பிறகு டேராடூன் ராணுவ அகாடமியில் ஓராண்டு பயிற்சி. இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருந்தால்தான் எழுதலாம் என்று பலரும் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த நிபந்தனை கடற்படைக்கும் விமானப்படைக்கும்தான். தரைப்படைக்குப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்த பிள்ளையும் எழுதலாம். ஆனால் தேர்வில் கணிதத் தாள் உண்டு, அதைத் தவிர்க்க முடியாது.

பட்டம் முடித்தவர்களுக்கு சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. அதில் டேராடூனுக்கும் போகலாம், சென்னை பரங்கிமலையில் 1963-ல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கும் போகலாம். பரங்கிமலையில் பயிற்சி 49 வாரம். நான் அந்த வாசல் வழியாகப் போனவன். பெண் பிள்ளைகளுக்கு அந்த வாசல் 1992-லும், என்.டி.ஏ.யின் வாசல் 2022-லும் திறந்தன. மகளை அழைத்து வரும் தகப்பனார்கள் இன்னும் குறைவாகவே இருப்பது எனக்கு வருத்தம்.

சின்ன வயதிலேயே தயார் செய்ய விரும்பினால் சைனிக் பள்ளிகள் இருக்கின்றன; ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் சேர்க்கிறார்கள். கேரளத்தில் உள்ள கழக்கூட்டம் பள்ளி நமக்குப் பக்கம் என்பதால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ஆனால் ஒரு சைனிக் பள்ளியில் 67 விழுக்காடு இடம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. 1956 நவம்பர் 1 முதல் நாம் தமிழ்நாடு. ஆகவே நமக்குரிய பங்கு உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள அமராவதிநகர் பள்ளியில்தான் இருக்கிறது. தூரம் கூடுதல், வாய்ப்பும் கூடுதல்.

எழுத்துத் தேர்வில் ஜெயித்த பையன்கள் எஸ்.எஸ்.பி.யில் ஏன் தோற்று வருகிறார்கள்?

எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்குப் படையின் தேர்வு வாரியம் ஐந்து நாள் நடத்தும் தேர்வு அது. முதல் நாளே படம் ஒன்றைக் காட்டி, கதை எழுதச் சொல்லி, அதைக் குழுவில் பேச வைத்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு உளவியல் தேர்வு, மைதானத்தில் குழு வேலை, நேர்காணல், கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவு.

நம் பிள்ளைகளிடம் நான் காணும் குறை ஆங்கிலம் அல்ல. பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை என்று வளர்த்துவிட்டோம். அங்கே போய் ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். கோச்சிங்கில் மனப்பாடம் செய்த பதிலைச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். பையனுக்கு வீட்டில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். ரப்பர் ஷீட் விற்ற கணக்கு, தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தல் வேலை, எதுவானாலும் சரி. முடிவையும் அவனே எடுக்கட்டும், நட்டம் வந்தாலும் வரட்டும்.

லெப்டினன்டாகச் சேர்ந்தவர் எப்போது கர்னல் ஆவார்?

இரண்டு ஆண்டில் கேப்டன், ஆறு ஆண்டில் மேஜர், பதின்மூன்று ஆண்டில் லெப்டினன்ட் கர்னல். இதுவரை பெரும்பாலும் கால அளவுப்படி நடக்கும். இடையில் பாஸாக வேண்டிய பதவி உயர்வுத் தேர்வுகள் உண்டு. அதற்கு மேல் போர்டுதான். ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களின் கோப்புகளை ஒன்றாக வைத்து, ஆண்டுதோறும் எழுதப்பட்ட ரகசிய அறிக்கைகளைப் பார்த்துத் தேர்வு செய்வார்கள். ஒருவருக்கு மூன்று முறை வாய்ப்பு: முதல் பரிசீலனை, பிறகு இரண்டு மறுபரிசீலனை. கர்னல் ஆனால்தான் சி.ஓ.வாக ஒரு பட்டாலியனை நடத்தும் வாய்ப்பு. என்னைக் கேட்டால் படையில் அதைவிட மேலான வேலை கிடையாது. எண்ணூறு பேரின் சாப்பாடு, லீவு, சண்டை, குடும்பக் கஷ்டம் எல்லாம் ஒருவர் தலையில் இருக்கும். போர்டில் தேர்வாகாதவர்களும் 26 ஆண்டுப் பணி முடிந்தால் கால அளவுக் கர்னல் ஆவார்கள். ஆனால் பட்டாலியன் கிடைக்காது. கர்னலுக்கு மேலே பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், தளபதியாக ஒரே ஒரு ஜெனரல்.

நீலகிரியில் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குப் போட்டித் தேர்வில் தேறிப் போவது மேலே போக உதவும். மேஜராக இருக்கும்போதே அந்தப் படிப்பைத் தொடங்க வேண்டும். லடாக்கில் இருந்துகொண்டு படிப்பது கடினம்தான். ஆனால் படித்துத் தேறியவர்களும் அங்கே இருந்தவர்களே.

“கர்னலோடு நின்னுட்டேரா? பிரிகேடியர் ஆகலியா?”

கல்யாண வீட்டில், கோயில் கொடையில், சர்ச் வாசலில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வி எத்தனை வீட்டில் ஒரு மனிதனைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

படை ஒரு கூம்பு. அடியில் அகலம், மேலே ஊசிமுனை. ஒரு பிரிகேடில் மூன்று பட்டாலியன் இருந்தால் மூன்று கர்னலுக்கு மேல் ஒரு பிரிகேடியர்தான் இருக்க முடியும். தேறாதவர் தகுதியில்லாதவர் என்று பொருள் அல்ல. இடம் இல்லை, அவ்வளவுதான். இருபது ஆண்டுக்கு முந்தைய ஓர் அறிக்கையில் யாரோ போட்ட ஒரு மதிப்பெண் கூடத் தீர்மானித்துவிடலாம். ‘சூப்பர்சீட்’ ஆன அதிகாரி தனக்கு இளையவரின் கீழ் சல்யூட் அடித்து, அடுத்த பத்து ஆண்டும் முழு மனதோடு வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர்கள் மேல் எனக்கு ஜெனரல்கள் மேல் உள்ளதைவிட மரியாதை அதிகம். நான் பிரிகேடியர் போர்டில் மூன்று முறையும் தேறவில்லை. முதல் முறை முடிவு வந்த அன்று இரவு மனைவிக்குப் போன் செய்தேன். “நல்ல காரியம், பிள்ளைகளுக்கு இன்னொரு ஸ்கூல் மாத்த வேண்டாம்” என்றாள். அன்று அது ஆறுதலாகத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது.

54 வயதிலேயே ஏன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்?

மலையிலும் பாலையிலும் ஆட்களை நடத்துபவர் இளமையாக இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60. தளபதிக்கு 62 வயது அல்லது மூன்று ஆண்டுப் பதவி, எது முந்தியதோ அது. ஃபீல்ட் மார்ஷலுக்கு மட்டும் ஓய்வே இல்லை; மானெக்‌ஷா குன்னூரில் வாழ்ந்த காலம் முழுதும், 2008-ல் வெலிங்டனில் இறக்கும்வரை, கணக்கில் பணியில் இருந்தவர்தான்.

ஓய்வு நாள் பிறந்தநாள் அல்ல, பிறந்த மாதத்தின் கடைசி நாள். முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசியிலேயே போக வேண்டும். அந்தக் காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார் கேட்காமலேயே ஜூன் 1 என்று போட்டுச் சேர்த்ததன் விலை ஒரு மாதச் சம்பளம்.

ஆனரரி கேப்டன் என்பவர் ஆபீசர்தானா?

சிப்பாயாகச் சேர்ந்து, சுபேதார் மேஜர் வரை ஏறியவர்களில் தேர்ந்த சிலருக்குக் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் அளிக்கப்படும் கௌரவப் பதவி அது. என்.டி.ஏ. வழியாக வந்த கேப்டன் இரண்டு ஆண்டில் அடைவதை அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டில் அடைகிறார். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். வயதில் மூத்த ஆனரரி கேப்டன் எங்கள் தெருவில் வந்தால் நான்தான் முதலில் எழுந்து நிற்பேன்.

கர்னலுக்குப் பென்ஷன் எவ்வளவு வரும்?

அதிகாரிக்குப் பென்ஷன் கிடைக்க 20 ஆண்டுப் பணி வேண்டும், சிப்பாய்க்கும் சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.வுக்கும் 15 ஆண்டு. பத்து அல்லது பதினான்கு ஆண்டில் வெளியே வரும் ஷார்ட் சர்வீஸ் அதிகாரிக்கு மாதாந்திரப் பென்ஷன் இல்லை. மகளை ஷார்ட் சர்வீஸுக்கு அனுப்பும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

கணக்கு எளிது: கடைசி அடிப்படைச் சம்பளத்தோடு ராணுவப் பணி ஊதியம் 15,500 ரூபாயைக் கூட்டி, அதில் பாதி. கர்னலின் அடிப்படைச் சம்பளம் 1,30,600-ல் தொடங்கி 2,15,900 வரை போகும். உதாரணமாக 1,90,000 என்று வைத்தால், 2,05,500-ல் பாதி 1,02,750. இதன்மேல் அகவிலைப்படி. பென்ஷனில் பாதி வரை கம்யூட் செய்து, அதாவது மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மொத்தமாக வாங்கலாம். 15 ஆண்டு கழித்துப் பிடித்தம் நின்று முழுப் பென்ஷன் திரும்பும். பிடித்தம் இருந்தாலும் அகவிலைப்படி முழுப் பென்ஷனுக்குத்தான் கணக்கிடப்படும். இது போக கிராஜுவிட்டி (உச்ச வரம்பு இப்போது 25 லட்சம்), 300 நாள் வரை லீவுச் சம்பளம், பி.எஃப்., குரூப் இன்சூரன்ஸ் உண்டு.

ஒரே நாளில் இவ்வளவு பணம் வங்கியில் விழுவதை ஊர் முழுதும் எப்படித்தான் அறிகிறதோ! முதல் ஆறு மாதம் நிலமும் வாங்காதீர்கள், மச்சானுக்குக் கடனும் கொடுக்காதீர்கள்.

ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் 2014 ஜூலை 1 முதல் கணக்கிடப்படுகிறது, ஐந்தாண்டுக்கு ஒரு முறை திருத்தம். 2019-லும் 2024-லும் திருத்தினார்கள். பழைய ஓய்வூதியர் வீட்டில் அந்த வித்தியாசத் தொகை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மனைவி பெயரில் இனிஷியல் மட்டும் மாறியிருக்கிறது. அது பெரிய விஷயமா?

பெரிய விஷயம். இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே அதுதான்.

என் அம்மா பெயர் ஞானஸ்நானத்தில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. அப்பா ரெஜிமென்ட்டில் கல்யாணத்தைப் பதிவு செய்தபோது எழுத்தர் கேட்டார், அப்பா வீட்டுப் பெயரைச் சொன்னார். அதை அவர் இந்தியில் காதில் விழுந்தபடி எழுதினார். அப்பா இருந்தவரை யாருக்கும் அது தெரியாது. அவர் இறந்தபின் குடும்பப் பென்ஷனுக்கு எழுதினால், பதிவில் உள்ள பெண் வேறு, விண்ணப்பித்த பெண் வேறு என்று பதில் வந்தது. அப்போது நான் மேஜராக வடக்கு எல்லையில் இருந்தேன். பதினான்கு மாதம் அம்மா பஸ் ஏறி அலைந்தாள். ஒரு அலுவலகத்தில் அவளை நிற்க வைத்தே பேசி அனுப்பினார்கள். போனில், “மக்களே, நான் உங்க அப்பாக்க பெண்டாட்டி இல்லியாம்லா” என்றாள். நூற்றுக்கு மேல் ஆட்களை நடத்திக்கொண்டிருந்த எனக்கு என் அம்மாவின் பெயரைத் திருத்திக் கொடுக்க முடியவில்லை.

குமரி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். படையின் படிவமோ முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிறது. கல்யாணத்துக்குப் பின் பெண்ணின் இனிஷியல் தகப்பனிலிருந்து கணவனுக்கு மாறுகிறது. சிலர் ஆதாரில் மாற்றுகிறார்கள், சிலர் பான் கார்டில் மாற்றுவதில்லை. சர்ச் திருமணச் சான்றிதழில் ஞானஸ்நானப் பெயர் இருக்கும். இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் கணினி முறையில் ஓடுகிறது; ஒரு எழுத்து பொருந்தாவிட்டாலும் அது நின்றுவிடும்.

பணியில் இருக்கும்போதே செய்யுங்கள். குடும்ப விவரங்களை யூனிட் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டரில் மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் எப்படி இருக்கின்றன என்று கண்ணால் பாருங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் அதே எழுத்து இருக்க வேண்டும். யூனிட்டில் ஒரு உறுதிமொழிப் பத்திரத்தோடு சில வாரத்தில் முடியும் வேலை, ஓய்வுக்குப் பின் டெல்லித் தலைமையகத்துக்கோ ரெக்கார்ட் ஆபீஸுக்கோ எழுதி மாதக்கணக்கில் காத்திருப்பதாக மாறும். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் கட்டாயம் பதிவு செய்யுங்கள். உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுதும் குடும்பப் பென்ஷன் கிடைக்கும். கூச்சப்பட்டு மறைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது, அவன் அக்கா இன்னும் அலைகிறாள்.

பி.பி.ஓ. என்ற பென்ஷன் ஆணை வந்ததும் அதை மனைவியின் கையில் கொடுத்து வாசித்துக் காட்டுங்கள். இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன ஏற்பாடு? கேண்டீன் கோட்டா?

முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. ஓய்வின்போது அதிகாரி ஒரு முறை 1,20,000 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள் முழுதும் மருத்துவம். சார்ந்திருக்கும் பிள்ளைகளையும், வருமான வரம்புக்குள் இருந்தால் பெற்றோரையும் சேர்க்கலாம். நாகர்கோவிலில் பாலிகிளினிக் இருக்கிறது, பெரிய சிகிச்சைக்கு அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகலாம். திருவனந்தபுரம் பாங்கோட்டில் ராணுவ ஆஸ்பத்திரியும் உண்டு. அவசரம் என்றால் முதலில் உயிரைப் பாருங்கள். அட்மிட் ஆனதும் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல மறக்க வேண்டாம்.

ராணுவக் கேண்டீனில் சலுகை விலையில் கிடைக்கும் கோட்டா உங்கள் சொந்த உபயோகத்துக்கு. உறவினருக்கோ விற்பனைக்கோ கொடுத்து மாட்டினால் கார்டு போகும், மானமும் போகும்.

ஓய்வுக்குப் பின் வேறு வேலைக்குப் போகலாமா?

54 வயதில் பிள்ளை காலேஜில் இருப்பான், போகத்தான் வேண்டியிருக்கும். மறுகுடியமர்வு இயக்ககம் ஓய்வுக்கு முன்பே 24 வார மேலாண்மைப் படிப்புகளுக்கு அனுப்புகிறது, ஐ.ஐ.எம்.களில்கூட. ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் நிறுவனத்தில் சேர மூத்த அதிகாரிகள் அரசின் அனுமதி வாங்க வேண்டும். நாகர்கோவிலில் உட்கார்ந்து பெரிய சம்பளம் எதிர்பார்க்க முடியாது, பெங்களூரோ சென்னையோதான். நான் போகவில்லை. மூன்று ஏக்கர் ரப்பரும் வயதான அம்மாவும் இருந்தார்கள்.

நம் மண்ணில் அந்தக் காலத்தில் பெரிய ராணுவ அதிகாரி யாராவது உண்டா?

பையன்கள் கேட்டால் புலியூர்க்குறிச்சிக்கு, உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். 1741 ஆகஸ்ட் 10-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவரான டிலனாய், பிறகு அதே மன்னரின் படையைப் பழக்கி, கோட்டைகளைப் பலப்படுத்தி, ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய கேப்டன், ஆனார். பென்ஷன் இல்லை, ஓய்வு இல்லை. 1777-ல் இறக்கும்வரை வேலை. மனைவியும், இருபது வயதில் களக்காட்டுப் போரில் மடிந்த மகனும் அந்தக் கோட்டைக்குள் அவர் பக்கத்திலேயே கிடக்கிறார்கள். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. அந்தத் திருவிதாங்கூர்ப் படையின் வாரிசாகவே மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ஒன்பதாம் பட்டாலியன் இன்றும் ‘திருவிதாங்கூர்’ என்ற பெயரைச் சுமக்கிறது.

ஊருக்கு வந்த முதல் வருடம் எப்படி இருந்தது?

கஷ்டமாக இருந்தது. கடைசி நாள் இளைய அதிகாரிகள் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து வாசல் வரை வழியனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்துத் தக்கலையில் ரேஷன் கார்டுக்கு வரிசையில் நின்றேன். என் பெயரைச் சொல்ல மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. ‘சார்’ என்று கேட்டுப் பழகிய காது. பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவில் இந்தி படித்தவர்கள், பஸ்ஸின் ஊர்ப் பலகையைத் தமிழில் வாசிக்கத் தடுமாறினார்கள். வீட்டில் நான் ஆர்டர் போட ஆரம்பித்தேன். முப்பது வருடம் நான் இல்லாமலே எல்லாம் நடத்திய மனைவி ஒரு நாள் அமைதியாக, “இங்க நான்தான் சி.ஓ.” என்றாள். அது உண்மை. அடுத்த நாளிலிருந்து விடிகாலை ரப்பர் பால் வெட்டுக்காரரோடு தோட்டத்துக்குப் போகத் தொடங்கினேன். அவர் எனக்கு வேலை கற்றுக் கொடுத்தார்.

கணவர் இறந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அழுது முடியட்டும். பதினாறு நாள் காரியமோ முப்பதாம் நாள் பூசையோ முடியும்வரை எந்தச் சலுகையும் ஓடிப்போகாது. ஒரே ஒரு விஷயம் மட்டும் உடனே: வங்கிக்கும் ஸ்பர்ஷுக்கும் இறப்பைத் தெரிவியுங்கள். இறந்த தேதிக்குப் பிந்தைய நாட்களுக்காக அவர் கணக்கில் பென்ஷன் விழுந்தால் அதை எடுத்துச் செலவழிக்க வேண்டாம். பின்னால் மொத்தமாகத் திரும்பப் பிடிப்பார்கள்.

பிறகு இறப்புச் சான்றிதழில் பத்துப் பிரதியாவது வாங்கி, பி.பி.ஓ., ஆதார், பான், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்துக்குப் போங்கள். விதவைக்கான அடையாள அட்டை, பிள்ளைகளின் படிப்புதவி எல்லாம் அங்கிருந்துதான். குடும்பப் பென்ஷன், அவர் ஓய்வுக்குப் பின் இறந்திருந்தால், ஏழு ஆண்டு அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள், எது முந்தியதோ அதுவரை கடைசிச் சம்பளத்தில் பாதி. அதன்பின் 30 விழுக்காடு. தொகை குறைந்ததும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பயந்து ஓடி வருகிறார்கள், அதனால் முன்பே சொல்கிறேன்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் நான் எங்கும் போவதில்லை. என் மனைவி தேயிலை போட்டுத் தருவாள், உட்கார்ந்தே பேசலாம்.